வளைகுடா முத்துக்குளிப்புக் கடன் வழக்குகளில் பிரிட்டிஷ் அதிகாரிகள் உண்மையில் என்ன செய்தார்கள்?

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. பாரசீக வளைகுடாவில் அரபு வணிகர்கள், நகுதாக்கள் (படகுத் தலைவர்கள்), முத்துக்குளிப்போர், மாலுமிகள் ஆகியோருக்குள் எழுந்த கடன் தகராறுகளில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஏன் தலையிட்டார்கள்? எந்த முறையில் தீர்த்துவைத்தார்கள்? அந்தக் காலத்துக் கோப்புகளை இன்று வாசிப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

சுருக்கமான பதில் இது. 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் கடனைத் தீர்த்ததை விட ஆளைத் திருப்பி அனுப்பியதே அதிகம். ஓடிப்போன குளிப்பவன் எந்தத் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும், அவனை வைத்திருக்கும் ஷேக் என்ன அபராதம் கட்ட வேண்டும் என்பதுதான் அவர்களின் வழக்கமான தீர்ப்பு. பேரேட்டில் எழுதியிருக்கும் தொகை நியாயமானதா என்ற கேள்விக்குள் அவர்கள் முறையாக இறங்கியது 1920களில், அதுவும் பஹ்ரைனில். அப்போதும் குளிப்பவர்களே எதிர்த்தார்கள். ஏன் எதிர்த்தார்கள் என்பது புரிய வேண்டுமானால் கடன் எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்று பார்த்துவிட வேண்டும். அந்தப் பகுதி கொஞ்சம் நீளும்.

பெரிய குளிப்பு ஏறத்தாழ ஜூன் தொடங்கி செப்டம்பர் முடிவு வரை நான்கு மாதம் நடக்கும். படகில் தலைவர் நகுதா. கடலடியில் இறங்குபவர் கைஸ். மேலே கயிற்றைப் பிடித்து அவரை இழுப்பவர் சைப். இவர்களுக்குத் துணையாக ரதீஃப் என்ற இளைஞர்கள், தப்பாப் என்ற சிறுவர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது, பங்குதான். ஆனால் பங்கு கைக்கு வருவதற்கு முன்பே மூன்று முறை முன்பணம் வந்துவிடும். பருவம் தொடங்கும்போது கொடுப்பது சலஃப். அதை வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் ஆண்கள் கடலுக்குப் போவார்கள். இடையில் கரைக்கு வரும்போது கொடுப்பது கர்ஜியா. பருவம் முடிந்து குளிர்காலம் ஓட்டக் கொடுப்பது திஸ்காம். பணமாக மட்டுமல்லாமல் அரிசி, பேரீச்சம்பழம், துணி, காப்பிக் கொட்டை என்றும் வரும்.

நகுதாவிடமும் இவ்வளவு பணம் இருக்காது. அவர் முசக்கம் எனப்படும் முதலீட்டாளரிடம் வாங்குவார். முசக்கம் பம்பாய்ச் சந்தையை நம்பியிருப்பவர். அவருக்குப் பின்னால் பல இடங்களில் கட்ச், சிந்துப் பகுதிகளிலிருந்து வந்த பனியா, கோஜா வணிகர்கள் இருந்தார்கள். ஆக, குளிப்பவன் நகுதாவுக்கும், நகுதா முசக்கத்துக்கும், முசக்கம் இந்திய வணிகருக்கும் கடன்பட்டிருந்தார்கள். கீழே ஒருவன் ஓடிப்போனால் மேலே மூன்று பேரின் கணக்கு ஆடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் தொகுத்த கணக்குப்படி வளைகுடா முழுவதும் ஏறத்தாழ 4,500 படகுகளும் 74,000 பேரும் இத்தொழிலில் இருந்தார்கள். பஹ்ரைனில் மட்டும் 917 படகுகள், சுமார் 17,500 பேர்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பங்கு முறை துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். ஆனால் சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மீதியில் ஐந்தில் ஒன்றைப் படகுக்கு ஒதுக்கி, எஞ்சியதை கைஸுக்கு 3, சைபுக்கு 2, ரதீஃபுக்கு 1 என்று பிரிப்பது பரவலான வழக்கம். 10 கைஸ், 10 சைப், 2 ரதீஃப், கைஸ் அளவு பங்கு பெறும் நகுதா ஒருவர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 55 பங்கு. முத்து 5,500 ரூபாய்க்கு விற்றது, சாப்பாட்டுச் செலவு 1,375 ரூபாய் என்றால் மீதி 4,125. படகுக்கு 825 போக 3,300. ஒரு பங்கு 60 ரூபாய், கைஸுக்கு 180. அவர் வாங்கியிருந்தது சலஃப் 100, திஸ்காம் 60, கர்ஜியா 20, வீட்டுக்கு எடுத்த அரிசி 40, ஆக 220. நான்கு மாதம் மூச்சடக்கியும் 40 ரூபாய் பாக்கி ஏறியது.

இந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை ஒன்றுகூட இல்லை. ஒரு அதிகாரி வரி வரியாகச் சரிபார்த்தாலும் ஒப்பம் போட்டுவிடுவார். பிழை எழுதப்பட்ட எண்களில் இல்லாமல், அவற்றுக்குப் பின்னாலிருந்த விலைகளில் இருந்தது. சாப்பாட்டுச் சாமான் சந்தையில் 1,100 ரூபாய்தான், முசக்கம் கடன் விலையில் 1,375 என்று கொடுத்தார் என்று வையுங்கள். வீட்டு அரிசியும் சந்தையில் 30 ரூபாய்தான். முத்தை முதலில் வாங்கும் உரிமை முசக்கத்துக்கு என்பதால் 6,500 பெறுமானமுள்ளதை அவர் 5,500க்கு எடுத்துக்கொண்டார். மூன்றையும் சந்தை விலைக்குத் திருத்தினால் ஒரு பங்கு 78 ரூபாயைத் தாண்டும். கைஸுக்கு ஏறத்தாழ 235. அவர் பற்று 210. நாற்பது ரூபாய் கடனாளி இருபத்தைந்து ரூபாய் மிச்சக்காரராகிவிடுகிறார். வட்டி இஸ்லாமிய மார்க்கத்தில் விலக்கப்பட்டது, ஆகவே பேரேட்டில் வட்டி என்ற பத்தியே இருக்காது. அது அரிசி விலைக்குள்ளும் முத்து விலைக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கும். கடன் வழக்கில் தலையிட்ட ஒவ்வொரு அதிகாரியும் கடைசியில் வந்து முட்டியது இங்கேதான்.

கடனைக் காவல் காத்த தாள் பர்வா. ஒரு நகுதாவை விட்டு இன்னொருவரிடம் போக வேண்டுமானால் பழைய நகுதா எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். ‘இவனுக்கு என்னிடம் பாக்கி இல்லை’ என்றோ, ‘இவ்வளவு பாக்கி’ என்றோ அதில் இருக்கும். பாக்கி இருந்தால் புதிய நகுதா அதை அடைத்துவிட்டு ஆளை எடுக்கலாம். பர்வா இல்லாதவனைப் படகில் ஏற்றிய நகுதா அவன் கடனுக்குத் தானே பொறுப்பாவார். ஒரே ஊருக்குள் இந்த ஏற்பாடு நன்றாக ஓடியது. தகராறு வந்தால் குளிப்பு வழக்கம் அறிந்த மூத்தவர்கள் உட்கார்ந்து தீர்க்கும் சாலிஃபா என்ற மன்றம் இருந்தது. அதில் உட்காருபவர்களும் நகுதாக்களோ அவர்களின் முதலாளிகளோதான் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிக்கல் ஊர் எல்லையில் தொடங்கும். துபாயில் கடன்பட்டவன் ஒரு இரவில் ஷார்ஜாவுக்கோ அஜ்மானுக்கோ போய்விடலாம். அங்குள்ள நகுதாவுக்கு ஆள் தேவை. அங்குள்ள ஷேக்குக்குப் படகு வரி தேவை. திருப்பி அனுப்ப இருவருக்கும் மனமிருக்காது. கடன்கொடுத்தவர் தன் ஷேக்கிடம் போவார். அவர் அந்த ஊர்ப் படகு ஒன்றைக் கடலில் மறித்துப் பிடிப்பார். பதிலுக்கு அவர்கள் ஒன்றைப் பிடிப்பார்கள். நாற்பது ரூபாய் பாக்கி கடற்சண்டையாகிவிடும்.

பிரிட்டிஷாருக்கு இதில் இருந்த அக்கறை இந்த இடத்தில்தான். குளிப்பவனின் மேல் இரக்கம் பிற்காலத்தில் சிலருக்கு வந்தது. தொடக்கத்தில் அது காரணமில்லை. ஷேக்குகளோடு செய்த 1820 கடல் அமைதி உடன்படிக்கைக்குப் பிறகு, 1835இல் பிரிட்டிஷ் அதிகாரி சாமுவேல் ஹென்னெல் அவர்களிடம் வாங்கிய முதல் கடற்போர்நிறுத்தமே முத்துக்குளிப்புப் பருவத்துக்கானதுதான். அது ஆண்டுதோறும் நீண்டு, 1843இல் பத்தாண்டு ஒப்பந்தமாகி, 1853இல் நிரந்தரமானது. கடலில் சண்டை கூடாது என்று தடுத்துவிட்டால், முன்பு சண்டையால் வசூலான கடனுக்கு வேறு வழி காட்டியாக வேண்டும். இரண்டாவது காரணம், கடன்சங்கிலியின் மேல்முனையில் இருந்த இந்திய வணிகர்கள் பிரிட்டிஷ் குடிகள். அவர்களின் பாக்கியை வசூலித்துக் கொடுப்பது துறைமுகத்திலிருந்த பிரிட்டிஷ் பிரதிநிதியான ஏஜென்டின் அன்றாட வேலைகளில் ஒன்று.

அந்த வேறு வழிதான் 24 ஜூன் 1879 ஒப்பந்தம். எட்வர்ட் ராஸ் பாரசீகக் கரையின் புஷேரில் ரெசிடென்டாக, அதாவது வளைகுடாவின் தலைமைப் பிரிட்டிஷ் அதிகாரியாக, இருந்த காலம். ஒப்பந்தக் கடற்கரை ஷேக்குகள், அதாவது இன்றைய அமீரகத்தின் முன்னோடிகள், தங்களுக்குள் ஒப்புக்கொண்டதாக அது எழுதப்பட்டது. கடன் வைத்துவிட்டு ஏமாற்றி ஓடிவருபவனை உடனே திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாத ஷேக்குக்கு 50 டாலர் அபராதம். அதன்பின்னும் ஆளை விடாமல் வைத்துக்கொண்டால் 100 டாலர், அவன் கடனும் அவர் தலையில். டாலர் என்றால் அங்கே புழங்கிய மரியா தெரசா வெள்ளி நாணயம். சர்ச்சை வந்தால் ஷேக்குகளின் சபை கூடி விசாரித்த பிறகே அபராதம் விதிக்கப்படும் என்றும் இருந்தது.

இந்த ஏற்பாட்டைக் கவனித்துப் பாருங்கள். ‘ஏமாற்றி ஓடியவன்’ என்று தீர்மானிப்பது யார்? கடன்கொடுத்தவரின் ஷேக். கடன் உண்மையா என்று ஓடியவன் சேர்ந்த ஊரில் விசாரிக்க இடமே வைக்கவில்லை. முதலில் ஆளை அனுப்பு, கணக்கைப் பிறகு அவன் ஊரில் பேசிக்கொள்ளட்டும். அவன் ஊரில் பேசும் இடமோ நகுதாக்கள் நிறைந்த சாலிஃபா. கடலில் அமைதி காக்க இது அருமையான கருவி. கடனை நியாயப்படுத்த உதவாத கருவி. மேலும் இதில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது: கையெழுத்திட்டவர்கள் ஒப்பந்தக் கடற்கரை ஷேக்குகள் மட்டுமே. பஹ்ரைன், கத்தார், உதுமானியர் கையிலிருந்த கத்தீஃப், பாரசீகக் கரையின் லிங்கே எதுவும் இதில் சேராது. தெரிந்தவன் அந்தப் பக்கம்தான் படகேறினான்.

ஒரு வழக்கு நடைமுறையில் எப்படி நகர்ந்தது? கடன்கொடுத்தவர் ஷார்ஜாவிலிருந்த ரெசிடென்சி ஏஜென்டிடம் அரபியில் மனு கொடுப்பார். ஏஜென்ட் பிரிட்டிஷ்காரர் அல்ல, உள்ளூர் செல்வாக்குள்ள முஸ்லிம். அவர் சம்பந்தப்பட்ட ஷேக்குக்குக் கடிதம் எழுதி, நேரில் போய்ப் பேசி, தவணையாவது வாங்கப் பார்ப்பார். பெரும்பாலானவை இந்த வரவேற்பறைப் பேச்சிலேயே முடிந்தன. பாதியைத் தள்ளுபடி செய்து மீதியை இரண்டு பருவத்தில் கட்டுவது போன்ற சமரசங்கள். முடியாதவை புஷேருக்குக் கப்பல் தபாலில் போகும். ரெசிடென்ட் ஷேக்குக்கு மரியாதையான வார்த்தைகளில் ஒரு கடிதம் எழுதுவார். அதுவும் பலிக்காவிட்டால், அடுத்த சுற்றில் அந்தப் பக்கம் வரும் போர்க்கப்பலின் தளபதி கரையிலிறங்காமலேயே ஷேக்கைக் கப்பலுக்கு வரச்சொல்வார். அபராதமும் நிலுவையும் அப்போது எண்ணி வைக்கப்படும். சின்னக் கடனுக்குப் போர்க்கப்பலா என்று தோன்றலாம். சின்னக் கடன்கள் பல சேர்ந்து ஒரு பட்டியலாகித்தான் கப்பலேறும்.

நேரம் முக்கியமான விஷயம். பருவத் தொடக்கத்தில் ஆள் திரும்பவில்லையென்றால் அந்த ஆண்டு உழைப்பு போச்சு. எனவே மனுக்களில் கோரப்படுவது பணத்தை விட ‘படகு கிளம்புவதற்கு முன் ஆள்’ என்பதாகவே இருக்கும். நகுதாவின் பார்வையில் பாக்கித் தொகை வசூலாக வேண்டியதே இல்லை. அது வசூலானால் ஆள் போய்விடுவான். அவருக்கு வேண்டியது பாக்கி நிலைத்திருப்பது.

தவறுகள் எங்கே நேர்ந்தன என்று கேட்டால், முதலாவது ஏஜென்டிடமே. ஷார்ஜாவில் அப்துல் லத்தீஃபும் அவர் மகன் ஈசாவும் 1890 முதல் 1935 வரை தொடர்ந்து அந்தப் பதவியில் இருந்தார்கள். பஹ்ரைனில் 19ஆம் நூற்றாண்டில் சஃபர் குடும்பத்தார் நெடுநாள் இருந்தார்கள். இவர்கள் செல்வாக்கும் வணிகத் தொடர்பும் உள்ள குடும்பங்கள் என்பதால்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சொற்பச் சம்பளத்துக்கு அந்த வேலையை வேறு யார் செய்வார்கள்? விளைவு, நடுவராக உட்காருபவரின் உறவினரோ பங்காளியோ வழக்கின் ஒரு பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். பஹ்ரைனில் 1900இல் பிரிட்டிஷ் அதிகாரியை அமர்த்தியதற்கு இதுவும் ஒரு பின்னணி. மொழியும் முகமும் தெரியாத அந்த அதிகாரி, பிறகு தன் எழுத்தரும் மொழிபெயர்ப்பாளருமான முன்ஷியை நம்பியாக வேண்டியிருந்தது வேறு கதை.

இரண்டாவது தவறு சாட்சியத்தில். மார்க்க நீதிபதியான காஜியின் மன்றத்தில் சாட்சியும் சத்தியமும்தான் ஆதாரம். வணிகரின் பேரேடு தனியாக நின்று ஒரு கடனை நிரூபிக்காது. வணிகருக்கும் அவருக்குப் பழக்கப்பட்ட அதிகாரிக்கும் பேரேடுதான் ஆதாரம். எனவே குளிப்பவன் காஜியிடம் போக விரும்புவான், நகுதா சாலிஃபாவுக்கு, இந்திய வணிகர் ஏஜென்டிடம். எந்த மன்றம் விசாரிப்பது என்ற சண்டை முடிவதற்குள்ளேயே வழக்கின் முடிவு தெரிந்துவிடும். இதோடு பனியாவின் பேரேடு குஜராத்தியில், விக்ரம ஆண்டுக் கணக்கில். நகுதாவின் சீட்டு அரபியில், ஹிஜ்ரி ஆண்டில். அதிகாரியின் குறிப்பு ஆங்கிலத்தில், ஆங்கிலத் தேதியில். ஹிஜ்ரியின் சந்திர ஆண்டு ஆங்கில ஆண்டை விட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால் ‘மூன்று ஆண்டுத் தவணை’ என்று பேசியது எந்த நாளில் முடிகிறது என்பதே தனி வழக்காகலாம். ரூபாய், வெள்ளி ரியால், பாரசீகக் கிரான் மூன்றும் புழங்கின. எந்த நாணயத்தில் வாங்கி எந்த நாணயத்தில் அடைப்பது என்பதில் மாற்றுவிலை லாபம் ஒளிந்திருந்தது.

மூன்றாவது, இறந்தவனின் கடன். மார்க்கச் சட்டப்படி இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அடைய வேண்டியது. சொத்து இல்லையென்றால் மகன் உடலால் உழைத்து அடைக்கக் கடமையில்லை. குளிப்பு வழக்கமோ தந்தையின் பாக்கியை மகன் பெயருக்கு மாற்றி, அவனைப் படகில் ஏற்றியது. நெடுங்காலம் பிரிட்டிஷ் அதிகாரிகள் ‘உள்ளூர் வழக்கம்’ என்ற தலைப்பில் இதை ஏற்றுக்கொண்டார்கள். மார்க்கமே ஏற்காத ஒன்றை வழக்கம் என்று பெயரிட்டு அனுமதித்தது இந்த நிர்வாகத்தின் மோசமான பக்கங்களில் ஒன்று என்பது என் கருத்து.

இதனோடு ஒட்டியது அடிமை விவகாரம். குளிப்பவர்களில் கணிசமானோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பலூச்சிக் கரையிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள், அல்லது அவர்களின் பிள்ளைகள். ஓடிவந்து ஏஜென்சியில் வாக்குமூலம் கொடுத்து அடிமை என்று நிரூபித்தால் விடுதலைச் சீட்டு கிடைக்கும். அதே கதவைத் தட்டிய சுதந்திர மனிதன் கடனாளி என்றால், அவனைத் திருப்பி அனுப்ப 1879 ஒப்பந்தம் காத்திருக்கும். இதை உடைமைக்காரர்கள் விரைவில் கற்றுக்கொண்டார்கள். ‘இவன் என் அடிமை’ என்பதற்குப் பதிலாக ‘இவன் எனக்குக் கடன்பட்டவன்’ என்று எழுதினால் மனு செல்லும். விடுதலைச் சீட்டு வாங்கியவன் மேலும் பழைய பற்றுக்கணக்கு நீட்டப்பட்டது.

பஹ்ரைனில் திருப்பம் வந்த விதம் வேறு. பிரிட்டிஷ் அரசு 1913இல் பிறப்பித்து 1919இல் நடைமுறைக்கு வந்த பஹ்ரைன் ஆணை, வெளிநாட்டார் மீதான அதிகாரத்தை ஏஜென்டிடம் ஒப்படைத்தது. வணிக வழக்குகளுக்கு மஜ்லிஸ் அல்-உர்ஃப். அதன் உறுப்பினர்களில் பாதியை ஷேக்கும் பாதியை ஏஜென்டும் நியமிப்பார்கள். குளிப்பு வழக்குகளுக்கு சாலிஃபா, இரு தரப்பாரும் வெவ்வேறு அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தால் கூட்டு மன்றம். 1921இல் ஏஜென்டாக வந்த மேஜர் கிளைவ் டேலி, இந்த அமைப்பை வைத்துக்கொண்டு குளிப்புக் கடனுக்குள் கைவைத்தார். மே 1923இல் முதிய ஷேக் ஈசா பின் அலியை ஒதுக்கி மகன் ஹமதிடம் ஆட்சியை ஒப்படைத்த பிறகு சீர்திருத்தங்கள் வேகமெடுத்தன. 1926இல் ஷேக்கின் ஆலோசகராக வந்த சார்லஸ் பெல்கிரேவ் அவற்றைத் தொடர்ந்து நடத்தினார்.

சீர்திருத்தத்தின் உயிர் ஒரு சிறிய பொருளில் இருந்தது: குளிப்பவன் ஒவ்வொருவன் கையிலும் ஒரு கணக்குப் புத்தகம். நகுதாவின் பேரேட்டில் எழுதும் ஒவ்வொரு பற்றும் வரவும் அதிலும் ஏற வேண்டும். அதுவரை கணக்கு ஒரே இடத்தில், ஒரே ஆளிடம் இருந்தது. எழுதப்படிக்கத் தெரியாதவனுக்குப் புத்தகம் எதற்கு என்று சிரித்தவர்கள் இருக்கலாம். ஆனால் படிக்க அவன் வேண்டியதில்லை. மன்றத்தில் எழுத்தர் ஒருவர் இரண்டு ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அதோடு, தந்தையின் கடன் மகனுக்கு வராது என்றும், சலஃப், திஸ்காம் தொகைகளுக்கு ஆண்டுதோறும் அரசு உச்சவரம்பு அறிவிக்கும் என்றும் விதிகள் வந்தன. மேலே போட்ட கணக்கை நினைவில் வைத்தால் எது அடைபட்டது, எது அடைபடவில்லை என்பது தெரியும். பொய்ப்பற்று எழுதுவது அடைபட்டது. அரிசி விலையும் முத்து விலையும் புத்தகத்தால் முழுக்க அடைபடாதவை.

எதிர்ப்பு இரண்டு பக்கமும். பஹ்ரைனின் புதைய்யா ஊரிலிருந்த தவாசிர் குலத்தாரில் பெரும்பகுதியினர் 1923இல் எதிரே அரேபியக் கரையிலுள்ள தம்மாமுக்கே குடிபெயர்ந்தார்கள். அவர்களின் கோபத்தில் கணக்குச் சட்டங்களுக்கும் பங்குண்டு. ஆனால் குளிப்பவர்களின் கோபம்தான் அதிகாரிகளைத் திகைக்க வைத்தது. அதிகாரி யோசித்தது இப்படி: முன்பணம் குறைந்தால் கடன் குறையும், கடன் குறைந்தால் மனிதன் சுதந்திரமாவான். குளிப்பவன் யோசித்தது வேறு: இந்தக் கடனை நான் எப்படியும் அடைக்கப்போவதில்லை, ஆகவே முன்பணம்தான் என் வருமானம், அதைக் குறைப்பது என் கூலியை வெட்டுவது. அவன் கணக்கு பிசகல்ல. ஐநூறு ரூபாய் பாக்கியுள்ளவனுக்கு அது அறுநூறானால் வாழ்க்கையில் எந்த மாற்றமும் இல்லை. குளிர்கால அரிசிக்கு இருபது ரூபாய் குறைந்தால் உண்டு.

இது பஹ்ரைனில் வெடித்தது மே 1932இல். 1929க்குப் பிந்தைய உலக மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து பம்பாய், பாரிஸ் சந்தைகளை உலர்த்திவிட்டிருந்தன. வணிகர்கள் திவாலானார்கள். நகுதாக்களிடம் கொடுக்கப் பணமில்லை. முன்பணம் மிகக் குறைவாக நிர்ணயிக்கப்பட்டது. குளிப்பவர்கள் திரண்டு, கைதான தங்கள் ஆளைக் காவல்துறையிடமிருந்து மீட்க, மோதலில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. ஜூன் 1ஆம் தேதி அங்கேயே ஜபல் துக்கான் குன்றுப் பகுதியில் எண்ணெய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாதச் சம்பள வேலை என்ற வழி திறந்ததும் குளிப்புக் கடனின் பிடி தளர்ந்தது. எந்த மன்றமும் செய்யாததை அது செய்தது. குவைத்தில் குளிப்புச் சட்டம் எழுத்தில் தொகுக்கப்பட்டது 1940இல், தொழில் ஓய்ந்துகொண்டிருந்தபோது.

தமிழ் வாசகருக்கு மன்னார் வளைகுடா நினைவு வரும் என்பதால் ஒரு வார்த்தை. இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புக்கு, 1900களின் தொடக்கத்தில் அரபுக் குளிப்போரும் வந்து, நம் பரதவரோடும் முஸ்லிம் குளிப்போரோடும் இறங்கினார்கள். அங்கே சிப்பிப் பார், அதாவது சிப்பி வளரும் கடலடித் திட்டு, அரசின் உடைமை. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளிப்போருக்கு; ஏலமும் கரையிலேயே அன்றன்று. குளிப்பவன் தன் சிப்பியை அன்றே விற்றுவிடலாம் என்பதால் பருவம் முழுக்க இன்னொருவர் ஏட்டில் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. வளைகுடாவில் பார் எல்லா அரபுக் குலங்களுக்கும் பொது. பிரிட்டிஷாருக்கு அதில் பங்கில்லை. ஒரே அரசு இரண்டு கடலில் இரண்டு விதமாக நடந்துகொண்டதற்கு இந்த உடைமை வேறுபாடு பெரிய காரணம்.

கோப்புகளை வாசிப்பது பற்றி. பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா அலுவலக ஆவணங்களில் ஆர்/15 வரிசை வளைகுடா ரெசிடென்சியுடையது. அதன் கீழ் புஷேருக்கு 1, பஹ்ரைனுக்கு 2, குவைத்துக்கு 5, மஸ்கட்டுக்கு 6. அவற்றில் பல கத்தார் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கடன் வழக்கை எடுத்தால் முதலில் மனுவின் மாதத்தைப் பாருங்கள். ஏப்ரல், மே என்றால் ஆளுக்கான சண்டை. அக்டோபர், நவம்பர் என்றால் பங்கு பிரித்த கணக்குக்கான சண்டை. அடுத்து, மனுதாரர் யாருடைய குடி என்று பாருங்கள். எந்த மன்றம் என்பதை அதுவே முடிவு செய்திருக்கும். தொகைக்குப் பக்கத்தில் நாணயத்தின் பெயர் இல்லாவிட்டால் ரூபாய் என்று ஊகித்துவிட வேண்டாம். அரபு மூலக் கடிதமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இரண்டும் கோப்பில் இருந்தால், அரபியில் ‘எங்கள் ஆள்’ என்றிருப்பது ஆங்கிலத்தில் கடனாளியாகவோ அடிமையாகவோ மாறியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். மொழிபெயர்த்த முன்ஷி செய்த அந்த ஒரு தேர்வில் பல வழக்குகள் திரும்பியிருக்கின்றன. கடைசியாக, குளிப்பவனின் வாக்குமூலம் கோப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். 1879 முறைப்படி நடந்த வழக்குகளில் அது அரிது, ஏனென்றால் யாரும் அவனைக் கேட்க வேண்டிய கட்டம் அந்த நடைமுறையில் இல்லை. 1920களின் பஹ்ரைன் கோப்புகளிலும், விடுதலைச் சீட்டுக்கான விண்ணப்பங்களிலும்தான் அவன் வாயால் சொன்னது, ஊர், தாய்தந்தை, எத்தனை நகுதாக்களிடம் எத்தனை ஆண்டு என்ற விவரங்களோடு கிடைக்கும். கடன் எப்படி வளர்ந்தது என்று அறிய நான் முதலில் புரட்டச் சொல்வது அந்த விண்ணப்பங்களைத்தான். பேரேடுகளை அதற்கப்புறம் பார்க்கலாம்.